புள்ளியும் கட்டமும்: மாணவர்க்குப் பாப் கலை

(திருவிடைமருதூரில், இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இலக்கிய வட்டத்தின் விழாவில் ஓவியத்திற்கு என்ன இடம் என்னும் வினா சிலர்க்கு எழலாம். பரிபாடலைப் பயின்றவர்க்கு அவ்வினா எழாது. நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் ஒன்றைக் காட்டுகிறது. முருகனை வழிபட வந்த மக்கள் அம்மண்டபத்தில் நின்று, தீட்டப்பட்டிருக்கும் உருவங்களைச் சுட்டி, இவர் யார், அவர் யார் என வினவுகின்றனர். தெரிந்தவர் காமனையும் இரதியையும் காட்டுகின்றனர். அகலிகையின் கதையைச் சொல்லுகின்றனர். ஓவியன் பெயர் பாட்டில் இல்லை. பார்ப்பவரின் வினாவும் விடையுமே பாட்டில் நிற்கின்றன. ஊர் கூடிப் பார்ப்பதற்காகவும், பார்த்துத் தமக்குள் பேசிக்கொள்வதற்காகவும் வரையப்பட்ட ஓவியம் தமிழர்க்குப் பழமையானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பாப் கலை என வழங்கும் மேலைநாட்டு ஓவிய நெறியை மாணவர்க்குக் கணினி ஓவியத்தின் வழியே எவ்வாறு கற்பிக்கலாம் என்பது இவ்வுரையின் பொருள். ஒரு முகத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, செயலியின் பொத்தானை அழுத்தி, நான்கு கட்டங்களில் நான்கு நிறங்களாக அம்முகத்தை மாற்றி, இதுவே பாப் கலை எனச் சொல்லிவிடுவது மிக எளிது. அவ்வாறு செய்கையில் மாணவன் கற்றது பொத்தான் இருக்கும் இடத்தை மட்டுமே. அவன் கண் எதனையும் புதிதாகக் காணவில்லை; கை எதனையும் முடிவு செய்யவில்லை. திருவிடைமருதூரில் பயிலும் மாணவன் ஒருவன் பாப் கலையைத் தன்னுடையதாக்கிக் கொள்ள வேண்டுமாயின், அவன் வீட்டுச் சுவரிலும் தெருவிலும் தறியிலும் வாசற்கோலத்திலும் இருந்தே பாடம் தொடங்க வேண்டும். இக்கருத்தை மூன்று நிலைகளில் காண்பது பொருந்தும்.

பெயரும் பிறப்பும்

'பாப்' என்பது மக்களிடையே பரவியது எனப் பொருள்படும் 'பாப்புலர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பங்கீட்டு அட்டையில் வாழ்ந்த இங்கிலாந்தில், அமெரிக்க இதழ்களின் பளபளப்பான விளம்பரங்களைக் கண்டு வியந்த இளங்கலைஞர் சிலர் இலண்டனில் ஒன்றுகூடினர். 1952ஆம் ஆண்டு எடுவார்டோ பாவ்லோசி என்னும் சிற்பி, இதழ்களிலிருந்து வெட்டிய விளம்பரப் படங்களையும் சித்திரக்கதைப் பக்கங்களையும் ஒளிப்படக் கருவியால் திரையில் காட்டினார். 1956இல் ரிச்சர்டு ஹாமில்டன், இதழ்ப் படங்களை வெட்டி ஒட்டி, ஒரு வீட்டின் உட்புறத்தைக் காட்டும் சிறிய ஒட்டுப்படம் ஒன்றை உருவாக்கினார். பாப் கலையின் தொடக்கங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

அமெரிக்காவில் இந்நெறி வேகம் பெற்றது. ஆண்டி வார்ஹால் 1962ஆம் ஆண்டு சூலைத் திங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 32 ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அனைத்தும் கடையில் விற்கும் காம்பெல் சூப்பு டப்பாவின் படங்கள். அந்நிறுவனம் அந்நாளில் விற்ற 32 வகைச் சுவைகளுக்கு 32 படங்கள். அதே ஆண்டு நடிகை மர்லின் மன்றோ மறைந்த பின், ஒரே புகைப்படத்தை ஐம்பது முறை துணியில் அச்சிட்டார். இடப்பாதியில் இருபத்தைந்து முகங்கள் அடர்ந்த வண்ணத்தில் உள்ளன. வலப்பாதியில் உள்ள இருபத்தைந்தும் கறுப்பு வெள்ளை. அவற்றுள் சில மை அப்பிக் கருத்தும், சில வெளிறி மறைந்தும் காணப்படுகின்றன.

இவ்வோவியத்தை மாணவர்க்கு விளக்க நூல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. காவிரிக்கரை ஊர்கள் எதிலும் கடைத்தெருச் சுவரைப் பார்த்தால் போதும். 'கண்ணீர் அஞ்சலி' என்னும் தலைப்புடன், மறைந்தவரின் ஒரே முகம் ஒரு வரிசையில் ஆறு முறையோ எட்டு முறையோ ஒட்டப்பட்டிருக்கும். சில நாள்களில் வெயிலில் நிறம் போகும். மழையில் ஒரு மூலை உரியும். அதன்மேல் மற்றொரு சுவரொட்டி ஏறும். ஒரு முகம் ஏன் பலமுறை ஒட்டப்படுகிறது, திரும்பத் திரும்பக் காணும்போது துயரம் மிகுகிறதா குறைகிறதா என்னும் வினாக்கள் மாணவர் நாள்தோறும் பள்ளிக்கு நடந்துவரும் வழியிலேயே ஒட்டப்பட்டுள்ளன. வார்ஹால் எழுப்பிய வினாவும் அதுவே.

வீட்டுச் சுவரின் கலை

மேலைநாட்டுப் பாப் கலைக்கும் தமிழ்நாட்டு அச்சுப் படங்களுக்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. அதனை மாணவர்க்கு முதலிலேயே உணர்த்திவிடுவது நலம். அங்கே கடையில் இருந்த படத்தைக் கலைஞர் காட்சிக்கூடத்திற்குக் கொண்டு சென்றார். இங்கே ஓவியர் வரைந்த படம் அச்சேறிக் கடைக்கும், கடையிலிருந்து பூசையறைக்கும் சென்றது.

1894இல் இரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றைத் தொடங்கித் தம் தெய்வ ஓவியங்களை எளியவர் வீடுகளுக்கும் எட்டச் செய்தார். தமிழகத்தில் அப்பணியைப் பெருக வளர்த்தவர் கொண்டையராஜு. 1898 முதல் 1976 வரை வாழ்ந்த அவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டியவர். பின்னர்க் கோவில்பட்டியில் நிலைத்து, மாணவர் பலரை உருவாக்கியவர். அவரும் அவர் மாணவரும் தீட்டிய இலக்குமியும் முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களை நிறைத்தன. துணிக்கடை, நகைக்கடை, உரக்கடை ஆகியவற்றின் பெயர் கீழே, தெய்வம் மேலே. விளம்பரமும் வழிபாடும் ஒரே தாளில் அமைந்த இம்முறையை ஹாமில்டன் கண்டிருந்தால் வியந்திருப்பார்.

ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியின் தாள்கள் தீர்ந்துவிடும். ஆயினும் பல வீடுகளில் சாமி படத்தைக் குப்பையில் இடுவதில்லை. வெட்டியெடுத்துச் சட்டமிட்டு மாட்டுவர். பழுதுபட்டால் அரசமரத்தடியில் கொண்டு வைப்பர். ஆயிரமாயிரமாக அச்சிடப்பட்டதால் படத்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. பல படிகள் எடுத்தால் ஒரு பொருளின் மேன்மை தேய்ந்துவிடும் என்னும் மேலைநாட்டுக் கொள்கை ஒன்றுண்டு. அக்கொள்கையைத் தமிழ்நாட்டு அரசமரத்தடி மறுக்கிறது. மாணவர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுவாராயின், பாப் கலை பற்றி அயலார் எழுதாத ஒரு கருத்தை அவர்களே எழுத இயலும்.

படியெடுத்தலும் தனிப்படைப்பும் ஆகிய இரு நெறிகளும் தஞ்சை மண்ணில் அருகருகே வாழ்கின்றன. சுவாமிமலைச் சிற்பியர் மெழுகில் உருவமைத்து, அதனை மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுகின்றனர். பின்னர் மண் அச்சை உடைத்தே படிமத்தை எடுக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே படிமம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையோ அச்சில் வார்த்துப் பலவாகப் பெருக்கப்படுவது. இரண்டையும் கண்டு வளரும் பிள்ளைக்கு, 'ஒன்று' என்பதற்கும் 'பல' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாலன்றிப் பொருளாலேயே காட்டலாம்.

இந்திய ஓவியருள் இவ்வழியில் முன்நடந்தவர் பூபேன் கக்கர். 1934இல் பம்பாயில் பிறந்த அவர் கணக்காயராகப் பணியாற்றியவர். பரோடாவில் குடியேறி, 1960களில் மலிவான தெய்வப் படங்களை வெட்டி ஒட்டி ஓவியம் செய்தார். பின்னர்க் கடிகாரம் பழுது பார்ப்பவர், முடிதிருத்துபவர் போன்ற எளிய தொழிலாளரை அவரவர் கடையோடு தீட்டினார். நாட்காட்டிப் படத்தின் பளிச்சென்ற வண்ணம் அவ்வோவியங்களில் மதிப்புப் பெற்றது. 2016இல் இலண்டன் டேட் மாடர்ன் காட்சியகம் அவர் ஓவியங்களுக்கெனப் பெருங்காட்சி ஒன்றை நடத்தியது. மிதிவண்டிக் கடையும் தையற்கடையும் காப்பிக்கடையும் ஓவியத்திற்கு உரிய பொருள்களே என்பதை மாணவர்க்கு எடுத்துச் சொல்ல இவர் ஒருவரே போதும்.

புள்ளி, கட்டம், துளை

இனிக் கணினிக்கு வருவோம். பாப் கலையையும் கணினியையும் இணைப்பது வலிந்து செய்யும் முயற்சியன்று. வார்ஹாலே 1985ஆம் ஆண்டு சூலையில் நியூயார்க்கில் அமிகா என்னும் கணினியின் அறிமுக விழாவில், பாடகி டெபி ஹாரியின் உருவத்தை மேடையிலேயே கணினியில் தீட்டிக் காட்டினார். வெட்டுதல், ஒட்டுதல், பெருக்குதல், நிறம் மாற்றுதல் என்னும் பாப் கலையின் நான்கு தொழில்களும் கணினி இயல்பாகச் செய்யும் தொழில்களே.

கணினித் திரையில் தோன்றும் படம் சிறுசிறு கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண். அவ்வெண்ணுக்கு ஒரு நிறம். இவ்வுண்மையை மாணவர்க்குக் கற்பிக்கையில் காவிரிப் படுகை தரும் உதவி வேறெங்கும் எளிதில் கிட்டாதது.

முதலாவது, கோலம். வரிசையாகப் புள்ளி வைத்து, அப்புள்ளிகளைச் சுற்றியோ இணைத்தோ கோடிழுப்பது ஓர் ஒழுங்குக்கு உட்பட்ட வரைவு. புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொன்னால் கோலத்தைக் கேட்டவர் தம் வாசலில் போட்டுவிடுகிறார். படத்தை எண்ணாகச் சொல்லி அனுப்பும் வழக்கம் மகளிரிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது எனலாம். இவ்வொழுங்கைக் கணினியியல் அறிஞர் கண்டுகொண்டனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் 1974இல் கோலத்தின் அமைப்பை இலக்கண விதிகளாக வகுத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் உண்டு. வடிவத்திற்கும் இலக்கணம் உண்டு என்பது அதன் அடிப்படை. இலக்கிய அவைக்கு இஃது இனிய செய்தியாகும்.

இரண்டாவது, தறி. திருவிடைமருதூரை அடுத்த திருபுவனம் பட்டு நெசவால் புகழ்பெற்றது. சேலைக்கரையில் அன்னமோ மயிலோ வர வேண்டுமெனில், முதலில் கட்டத்தாளில் அவ்வுருவத்தை வரைவர். எந்தக் கட்டத்தில் இழை மேலெழ வேண்டுமோ அதற்கு நேராக அட்டையில் துளையிடுவர். அட்டைகள் கோவையாகக் கட்டப்பட்டுத் தறியின்மேல் உள்ள ஜக்கார்டு பெட்டியில் சுழலும். துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. ஆம், இல்லை என்னும் இரண்டே சொற்களால் மயில் உருவாகிறது. 1804ஆம் ஆண்டை ஒட்டிப் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு அமைத்த இப்பொறியின் துளையட்டையே, பின்னர்க் கணினியின் முன்னோடியான பொறியை வகுத்த சார்லசு பாபேஜுக்கு வழிகாட்டியது. 1839இல் ஜக்கார்டின் உருவமே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்டது. அதன் படி ஒன்றைப் பாபேஜ் தம் வீட்டில் வைத்திருந்தார். இன்று கட்டத்தாளுக்கு மாறாகக் கணினியிலேயே வடிவமைத்து அட்டை துளைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. தறியும் கணினியும் பிரிந்து சென்று மீண்டும் சந்தித்த கதை இது.

மூன்றாவது, விளம்பர ஓவியம். சிறிய புகைப்படத்தின் மேல் கட்டமிட்டு, பெரிய துணியின் மேலும் அத்தனை கட்டமிட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்து எழுதியே நம் ஊர்களின் பேனர் ஓவியர் முப்பது அடி முகங்களைத் தீட்டினர். அருகில் நின்று தீட்டுபவருக்குத் தெரிவது ஒரு கண்ணின் ஓரம் மட்டுமே. முழு முகம் தெருவின் மறுபுறம் நிற்பவருக்கே தெரியும். கட்டத்தை நம்பித் தூரிகையை ஓட்டிய அம்மனிதர், கணினி செய்வதைக் கையால் செய்தவர்.

இவற்றோடு அச்சுப் புள்ளியையும் சேர்க்க வேண்டும். நாட்காட்டிப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தால், அம்மனின் முகம் மறைந்து, சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு நிறப் புள்ளிகளே தெரியும். ராய் லிச்டன்ஸ்டைன் சித்திரக்கதைப் படங்களைப் பெரிதாக்கித் தீட்டியபோது இப்புள்ளிகளையும் பெரிதாக்கினார். படம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை மறைக்காமல் காட்டுவதே அவர் நோக்கம். கோலமிட்டுப் பழகிய மாணவிக்கு அப்புள்ளிகள் அயலானவை அல்ல.

வகுப்பில் செய்யத்தக்கவை

2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியது. பின்னர் அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகங்களும் அமைந்தன. கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் போன்ற ஓவிய மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆதலின் கருவி இல்லை என்னும் குறை பெருமளவு நீங்கியிருக்கிறது. எஞ்சியிருப்பது பாடத்தை வகுக்கும் பொறுப்பு. கீழ்வரும் ஐந்து பணிகள் ஆசிரியர்க்கு உதவக்கூடும். ஒவ்வொன்றிலும் கைவேலை முன்னும் கணினிவேலை பின்னும் அமைவது இன்றியமையாதது.

ஒன்று, கட்டம். மாணவர் கட்டத்தாளில் நீளத்தில் 32, அகலத்தில் 32 ஆக 1,024 கட்டங்களை வரையறுத்துக்கொள்ள வேண்டும். தம் வீட்டுச் சேலைக்கரையில் உள்ள உருவம் ஒன்றை, கட்டத்தை நிரப்புதல் அல்லது விடுதல் என்னும் இரண்டே வழிகளில் அதில் வரைய வேண்டும். அன்னத்தின் கழுத்து வளைவு கட்டத்தில் படியாக மாறும்போது எந்தக் கட்டத்தை விடுவது, எதை நிரப்புவது என்று அவர் தாமே முடிவு செய்வார். பிறகு அதே உருவத்தைக் கணினியில் அமைத்துப் பெருக்கினால் கரை முழுமையும் உருவாகும். இயன்றால் தறிக்கூடம் ஒன்றுக்குச் சென்று, நெசவாளரிடமே அவ்வுருவம் நெய்யத் தகுந்ததா என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் திருத்தமே சிறந்த மதிப்பெண்.

இரண்டு, புள்ளி. நாட்காட்டிப் படத்தின் ஒரு சிறு பகுதியை உருப்பெருக்கியில் பார்த்து, காணும் புள்ளிகளை வண்ணப் பேனாவால் தாளில் வைக்க வேண்டும். அடர்ந்த இடத்தில் பெரிய புள்ளி, வெளிறிய இடத்தில் சிறிய புள்ளி. பின்னர்க் கணினியில் தாம் எடுத்த புகைப்படத்தை நான்கு நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகள் கலக்கின்றன; தாளில் மைகள் கலக்கின்றன. திரையில் கண்ட நிறம் அச்சில் அப்படியே வாராது என்பதை மாணவர் இங்கே பட்டறிவாக அறிவர்.

மூன்று, மஞ்சள் பை. துணிக்கடையின் பெயர் தாங்கிய மஞ்சள் துணிப்பை தமிழ்நாட்டின் சூப்பு டப்பா எனலாம். திருமணத் தாம்பூலம் முதல் நீதிமன்ற ஆவணம் வரை சுமந்த பை அது. நெகிழிப் பையால் மறைந்து, 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தால் மீண்டும் பேசப்பட்டது. அதன் எழுத்து அச்சாகும் முறையும் வார்ஹால் கையாண்ட முறையும் ஒன்றே. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியின் கண்கள் வழியே ரப்பர் பட்டையால் மையைத் தள்ளும் அம்முறையை இங்கே திருமண அழைப்பிதழ் அச்சிடுவோரும் அறிவர். மாணவர் ஒரு பையைப் படமெடுத்து, இரு நிறமாகக் குறைத்து, ஒன்பது வண்ண அமைப்புகளில் அமைக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். காரணம் எழுத இயலாத வண்ணத்தை நீக்கிவிட வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கும் ஓவியம் செய்வதற்கும் உள்ள எல்லைக்கோடு அந்த ஒரு வரியே.

நான்கு, தொடர்கதை. கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்துப் பொறிப்பும் உடன் உண்டு. படமும் எழுத்தும் சேர்ந்து கதை சொல்லும் இம்முறைக்கும் சித்திரக்கதைக்கும் உறவு நெருங்கியது. மாணவர் ஒரு சிற்பத் தொகுதியைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து வந்து, கணினியில் கட்டமிட்டு, பேச்சுக் குமிழியும் புள்ளி நிழலும் சேர்த்து ஒரு பக்கச் சித்திரக்கதை ஆக்கலாம். உரையாடலைத் தமிழாசிரியர் திருத்துவாராயின் ஓவிய வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒன்றாகும்.

ஐந்து, தெருவின் முகம். தைப்பூசத்தின்போது இவ்வூர்த் தேர்வீதிகளில் விரியும் கடைகளும் பலகைகளும் வண்ணத்தாள்களும் ஒட்டுப்படத்திற்கு வற்றாத பொருள் தருவன. மாணவர் குழுவாகச் சென்று படமெடுத்து, வெட்டி, ஒட்டி, ஒரு பெரிய படமாக்கலாம். மனிதரைப் படமெடுக்குமுன் அவரிடம் ஒப்புதல் கேட்பது பாடத்தின் ஒரு பகுதி. மறைந்தவர் சுவரொட்டியைப் பயன்படுத்த நினைப்பவர், அக்குடும்பத்தின் துயரத்தை முதலில் நினைக்க வேண்டும். தம் வீட்டார் படத்தைக் கொள்வதே முறை.

கடனும் கடமையும்

கணினியைப் புகழ்ந்து பேசும் எவரும் மறைக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. 1948இல் ஜெமினி நிறுவனத்தின் 'சந்திரலேகா' திரைப்படம் முன்னர்க் காணாத அளவில் விளம்பரம் செய்யப்பட்டது. அக்காலந்தொட்டுச் சுமார் அரை நூற்றாண்டு, கையால் தீட்டிய பேனர்களும் வானளாவிய கட்அவுட்டுகளும் தமிழகத் தெருக்களை ஆண்டன. 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினியில் வடிவமைத்து ஃபிளெக்ஸில் அச்சிடும் முறை பரவியது. பல நாள்கள் பலர் கூடித் தீட்டிய முகம் சில மணிநேரத்தில் பொறியிலிருந்து வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பேனர் ஓவியர் பலர் வேலையிழந்தனர். சிலர் வீட்டுச் சுவருக்குச் சுண்ணம் அடிக்கச் சென்றனர். சிலர் கணினி கற்றனர். சிலர் தூரிகையைக் கழுவி எடுத்து வைத்துவிட்டனர்.

பாப் கலையைக் கணினியால் கற்பிக்கும் ஆசிரியர், எந்தக் கருவி அக்கலைஞரின் சோற்றை எடுத்ததோ அதே கருவியைக் கையில் ஏந்தி நிற்கிறார். இதனால் கணினியை விலக்க வேண்டும் என்பதில்லை. அம்மூத்த ஓவியரை வகுப்பறைக்கு அழைத்து, நாற்காலி இட்டு, கட்டமிட்டுப் பெரிதாக்கும் வித்தையை மாணவர் முன் ஒரு முறை செய்துகாட்ட வேண்டுவதே முறை. அதற்குரிய ஊதியத்தையும் கொடுக்க வேண்டும். மாணவர் திரையில் காணும் கட்டத்திற்கும் அவர் துணியில் இட்ட கட்டத்திற்கும் உள்ள உறவை அவரது கை காட்டிவிடும். ஒரு தலைமுறை கழிந்தால் இவ்வாய்ப்பும் இல்லை.

பெயர் சொல்லும் கடனும் உண்டு. லிச்டன்ஸ்டைன் 1963இல் தீட்டிய 'வாம்!' என்னும் புகழ்பெற்ற போர் விமான ஓவியம், இர்வ் நோவிக் என்னும் சித்திரக்கதை ஓவியர் வரைந்த படத்தைத் தழுவியது. தழுவியவர் பெயர் உலகறிந்தது. முதலில் வரைந்தவர் பெயரை அறிந்தவர் சிலரே. சித்திரக்கதை ஓவியர்க்கு இஃது இன்றும் ஆறாத குறை. ஆகவே மாணவர் தம் படத்தின் கீழே, நாட்காட்டியில் ஓவியரின் கையொப்பம் இருந்தால் அப்பெயரையும், சேலைக்கரை என்றால் நெய்த ஊரையும், கோலம் என்றால் கற்பித்த பாட்டி பெயரையும் எழுதட்டும். பரிபாடல் மண்டபத்து ஓவியர் பெயரின்றிப் போனார். இனி வருவோர் அவ்வாறு போக வேண்டியதில்லை.

பாதுகாக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. வார்ஹால் அமிகா கணினியில் தீட்டிய படங்கள் பல, அவர் 1987இல் மறைந்த பின், பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் பழைய வட்டுகளுக்குள்ளேயே கிடந்தன. அவ்வட்டுகளைப் படிக்கும் கருவி வழக்கொழிந்துவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினரின் முயற்சியால் 2014இல் அவை மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்து, 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி அவர்களால் கண்டறியப்பட்டன. சுதை காத்த அளவுக்கு வட்டு காக்கும் எனச் சொல்ல இயலாது. மாணவர் தம் படங்களைப் பலவிடங்களில் சேமிப்பதோடு, சிறந்தவற்றைத் தாளில் அச்சிட்டுப் பள்ளிச் சுவரிலும் மாட்டட்டும். ஊரார் வந்து பார்க்கட்டும். இது யார், அது எது என்று கேட்கட்டும்.

முடிவாக

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் ஒரு பாவை விளக்கு உண்டு. தஞ்சை மராத்திய மரபைச் சேர்ந்த அம்மணி என்னும் நங்கை, தான் விரும்பிய பிரதாபசிம்மனை மணந்தால் இலட்ச தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் நிறைவேறியது. 1853இல் ஏற்றிய அவ்விலட்சத்துள் ஒரு விளக்காகத் தன்னையே உருவாக்கி நிறுத்தினாள். கையில் அகல் ஏந்தி அவள் இன்றும் நிற்கிறாள்.

இலட்சம் விளக்குகளும் ஒன்றுபோல் எரிந்து அணைந்தன. அவற்றிடையே தன் முகத்தோடு நின்ற ஒரு விளக்கு எஞ்சியது. பாப் கலையின் நடுப்பொருள் இதுவே. ஒன்றுபோன்ற பலவற்றினிடையே ஒரு முகம் எவ்வாறு நிற்கிறது என்பதை வார்ஹால் அச்சு மையில் தேடினார். அம்மணி பித்தளையில் நிறுத்தினாள். இவ்வூர் மாணவர் பாப் கலை கற்கப் புறப்படும்போது, முதல் பாடத்திற்கு அவர்களை அழைத்துச் செல்லத்தக்க இடம் அப்பாவையின் முன்னிலையே. பார்த்து, கட்டத்தாளில் வரைந்து, பின் கணினியைத் திறக்கட்டும். பொத்தானை அழுத்தும் விரல் அப்போது எதனை அழுத்துகிறோம் என்பதை அறிந்திருக்கும்.